ரதனிகை செய்த வண்டி

புனேயில், பல்கலைக்கழக வளாகத்துக்கு நடந்து போகும் தொலைவில், பழைய அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் அந்தக் குடும்பம் குடியிருக்கிறது. அவள் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வாளர். இருமொழிச் சூழலில் வளரும் குழந்தைகள் சொற்களைக் கைக்கொள்ளும் முறை அவளுடைய ஆய்வுப்பொருள். கணவனும் ஆய்வாளனே. அவனுக்குரிய 5 ஆண்டு உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது, ஆய்வேடு முடியவில்லை. ஆகவே வீடு அவளுடைய உதவித்தொகையில் ஓடியது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்ட அந்தத் தொகை, தாளில் பார்க்கக் குறையொன்றும் இல்லாதது. அது 4 மாதங்களாக வரவில்லை. கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. இணையத்தளம் ‘பரிசீலனையில்’ என்ற ஒரே சொல்லை ஒவ்வொரு காலையும் காட்டியது.

இப்படிப்பட்ட ஒரு டிசம்பரில்தான் எதிர்வீட்டுச் சிறுவனுக்கு ரிமோட் கார் வந்தது. சிவப்பு நிறம், கதவு திறக்கும், முன்விளக்கு எரியும். 1,800 ரூபாய் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. நான்கு வயது நிறையவிருந்த அவள் மகள் இரண்டு நாள் அந்தக் காரின் பின்னால் ஓடினாள். மூன்றாம் நாள் சிறுவன் காரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

“அம்மா, எனக்கும் அந்த வண்டி வேணும்.”

“கடையில தீர்ந்துபோச்சு, கண்ணு. வந்ததும் வாங்கலாம்.”

கடையில் தீர்ந்துபோகவில்லை. தீர்ந்துபோனது வேறு. பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்லும் பொய்களில் மிகச் சாதாரணமான பொய் இது. எந்தத் தாயும் இதற்காக உறக்கம் கெடுவதில்லை. அவள் கெட்டாள். குழந்தையின் ஒவ்வொரு சொல்லையும் நாள் குறித்துப் பதிவு செய்பவளுக்கு, அந்தக் குழந்தையிடம் தான் சொல்லும் சொல்லும் எங்கோ பதிவாகிறது என்பது பிறரைவிட நன்றாகத் தெரியும்.

இதே காட்சி சூத்திரகரின் ‘மிருச்சகடிக’த்தில் உண்டு. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் தமிழாக்கத்தில் அது ‘மண்ணியற் சிறுதேர்’. உஜ்ஜயினியில் வாழும் சாருதத்தன் ஈந்து ஈந்து வறியவனானவன். அவன் மகன் ரோகசேனன் அண்டைவீட்டுக் குழந்தையின் பொன்வண்டியோடு விளையாடுகிறான். உரியவன் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அழும் பிள்ளைக்குப் பணிப்பெண் ரதனிகை மண்ணால் ஒரு வண்டி செய்து தருகிறாள். பிள்ளைக்கு அது வேண்டாம், பொன்வண்டியே வேண்டும். தந்தைக்கு மறுபடி செல்வம் வந்ததும் பொன்வண்டியோடு விளையாடலாம் என்று அவள் தேற்றுகிறாள். உதவித்தொகை வந்ததும் வாங்கலாம் என்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

அங்கே வசந்தசேனை வருகிறாள். தன்னை உன் தாய் என்று அறிமுகப்படுத்தக் கேட்ட பிள்ளை, என் தாய் என்றால் இவள் உடம்பில் ஏன் இத்தனை நகை என்று வினவுகிறான். அவள் நகைகளைக் கழற்றி மண்வண்டியில் நிரப்பிப் பொன்வண்டி செய்துகொள்ளச் சொல்கிறாள். வசந்தசேனையின் ஈகையை வகுப்பறையில் எல்லோரும் விரித்துரைப்பர். பிறகு அந்நகைகளே வழக்குமன்றத்தில் சாருதத்தனுக்கு எதிரான சான்றாகிக் கொலைத்தண்டனை வரை இழுத்துச் செல்வதையும் சொல்வர். மண்ணைக் குழைத்து, சக்கரம் உருட்டி, உலர வைத்துக் கொடுத்த ரதனிகைக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. நாடகத்தின் பெயரோ அவளுடைய கைவேலை.

பொம்மைச் செலவைக் குறைப்பது பற்றிப் பேசும்போதும் இதுவே நடக்கிறது. எவ்வளவு ரூபாய் மிஞ்சியது என்பதைக் கணக்கிடுகிறோம். யாருடைய நேரம் செலவாயிற்று என்பது கணக்கில் வருவதில்லை.

புனேயிலேயே இதற்குப் பொருத்தமான இடம் ஒன்று உள்ளது. அரவிந்த் குப்தா கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்தவர். புனேயில் லாரி உற்பத்தி செய்யும் தொழிற்சாலையில் பணியாற்றியவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குச் சென்றார். சிற்றூர்ச் சந்தையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு அறிவியலைச் சொல்லித்தர முடியுமா என்பதே அங்கு அவர் முன்னிருந்த வினா. சைக்கிள் கடையில் ‘வால்டியூப்’ என்று கேட்டால் தரும் மெல்லிய ரப்பர்க் குழலையும் தீக்குச்சிகளையும் இணைத்து முக்கோணம், கனசதுரம், வீடு என்று வடிவங்கள் கட்டினார். பின்னர்ப் பல ஆண்டுகள் புனேயிலுள்ள ஐயூக்கா நிறுவனத்தின் ‘முக்தாங்கண்’ குழந்தைகள் அறிவியல் மையத்தில் இருந்து நூற்றுக்கணக்கான பொம்மைகளையும் குறும்படங்களையும் உருவாக்கி எவரும் விலையின்றிப் பயன்படுத்தத் தந்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். கழிவுப் பொருளிலிருந்து பொம்மை என்ற எண்ணத்துக்கு இந்நாட்டில் மதிப்புத் தேடித் தந்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

அவள் அந்தப் படங்களைப் பார்த்து முதலில் செய்தது உறிஞ்சு குழல் ஊதி. குழலின் ஒரு முனையைப் பல்லால் கடித்துத் தட்டையாக்கி, இரு ஓரங்களையும் சரிவாக வெட்டிக் கூர்முனையாக்கி ஊத வேண்டும். ஊதிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையைக் கத்தரியால் சிறிது சிறிதாக வெட்டினால் சுருதி ஏறிக்கொண்டே போகும். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். ஒரு குழலின் விலை ஒரு ரூபாய்கூட இராது. ஆனால் முதல் ஊதி ஒலிப்பதற்குள் ஏழு குழல்கள் வீணாயின. ஒரு மாலை முழுதும் போயிற்று. மறுநாள் நெறியாளருக்கு அனுப்ப வேண்டிய இயல் அனுப்பப்படவில்லை. குப்தாவின் பொம்மைகளுக்குப் பணம் வேண்டியதில்லை என்பது உண்மை. அருகில் அமரும் பெரியவர் ஒருவர் வேண்டும். அது எல்லா வீட்டிலும் மலிவாகக் கிடைக்கும் பண்டம் அன்று. பொம்மைக்கு ஏன் இவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று இளம்பெற்றோரைக் கடிந்துகொள்ளும் பெரியோர் இதை நினைவிற்கொள்வது நலம். பேசும் பொம்மையை வாங்குகிறவர்கள் பல வேளைகளில் பொம்மையை வாங்குவதில்லை. அரைமணி நேரத்தை வாங்குகிறார்கள்.

அவளும் வாங்கியிருந்தாள். மகளுக்கு ஒரு வயது கடந்த புதிதில், இருவருடைய உதவித்தொகையும் வந்துகொண்டிருந்த நல்ல நாளில், கிளி வடிவப் பொம்மை ஒன்று வாங்கினார்கள். வயிற்றை அமுக்கினால் ஆங்கிலத்தில் எண்களையும் நிறங்களையும் சொல்லும்; பாடும்; கைதட்டும். ஆய்வுக்கென அக்காலத்தில் செய்த ஒலிப்பதிவுகளை இந்த ஜனவரியில்தான் கேட்டு எழுத்தில் இறக்கத் தொடங்கினாள். அரைமணி நேரப் பதிவு ஒன்றில் கிளியின் கூற்றுகள் ஒரு பக்கத்தை நிறைத்தன. தாயின் கூற்றுகள் கால் பக்கத்தைத் தாண்டவில்லை. அவற்றிலும் பாதி, ‘ம்’, ‘இதோ’, ‘இரு’. பின்னணியில் தட்டச்சு ஒலி தெளிவாகக் கேட்கிறது.

இது அவள் ஒருத்தியின் குறையன்று. 2016இல் அமெரிக்க ஆய்வாளர் அன்னா சோசா வெளியிட்ட ஆய்வொன்று இதையே காட்டியது. 10 முதல் 16 மாதம் வரையிலான குழந்தைகளும் பெற்றோரும் கொண்ட 26 இணைகளை அவர்கள் வீட்டிலேயே பதிவு செய்தார். புத்தகத்தோடு இருந்தபோது பெற்றோர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 67 சொற்கள் பேசினர். மரக்கட்டை போன்ற வழக்கமான பொம்மைகளோடு 56. மின்கலத்தில் இயங்கிப் பேசும் பொம்மைகளோடு 40. மாதிரியின் அளவு சிறியது என்பதை எந்த மொழியியல் மாணவரும் உடனே சொல்லிவிடுவார். அவளும் தன் கருத்தரங்க உரையில் அப்படித்தான் சொல்லியிருந்தாள். சொந்தக் குரலின் வெற்றிடத்தைச் செவிப்பொறியில் கேட்கும்போது மாதிரியின் அளவு பற்றிய ஐயம் அவ்வளவாக எழவில்லை.

அந்த மாதம் வீட்டிலிருந்த பொம்மைகளை எல்லாம் கூடத்தில் கொட்டி எண்ணிப் பார்த்தார்கள். வறுமை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த வீட்டில் அறுபதுக்கு மேல் இருந்தன, பாதி உடைந்தவை. டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 சிறு குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் ஒருமுறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வு அவளுக்கு நினைவுக்கு வந்தது. நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம், பலவிதமாக விளையாடினர். கணவன் பொம்மைகளை மூன்று அட்டைப்பெட்டிகளில் பிரித்துக் கட்டினான். ஒரு பெட்டி வெளியே, இரண்டு கட்டிலுக்கு அடியில். மாதம் ஒருமுறை மாற்றுவது. பிப்ரவரியில் இரண்டாம் பெட்டி வெளிவந்தபோது மகள் தன் பழைய மரயானையைப் புதியது என்றே எண்ணி வரவேற்றாள். ஒரு காசு செலவில்லை. நேரமும் அதிகம் கேட்கவில்லை. அவர்கள் கைக்கொண்ட வழிகளில் சொன்ன பலனை அப்படியே தந்தது இது ஒன்றுதான்.

பழைய பொருள் வாங்குவது அவ்வளவு எளிதாக இல்லை. புனேயின் ஜூனா பஜார் புதனும் ஞாயிறும் கூடும். பழைய பூட்டு, பித்தளை விளக்கு, துருப்பிடித்த கருவிகளுக்கு நடுவே பொம்மைகளும் வரும். மரக்கட்டைகள் நிரம்பிய ஒரு பை 60 ரூபாய்க்குக் கிடைத்தது. சோப்பு நீரில் கழுவி வெயிலில் உலர்த்தினால் அது நல்ல வாங்கல். ஆனால் வண்ணம் உரியும் பழைய பொம்மையில் ஈயம் இருக்கலாம். பொத்தான் மின்கலம் உள்ள பொம்மையின் மூடி திருகாணி இல்லாமல் திறந்துகொண்டால் அதை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது, விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் ஆபத்து. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. இறக்குமதிப் பொம்மைகள் மீதான சுங்கவரியும் 20 விழுக்காட்டிலிருந்து 2020இல் 60 ஆகவும், பிறகு 70 ஆகவும் உயர்ந்தது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆயினும் முத்திரையுள்ளது விலை ஏறியும் முத்திரையற்றது நடைபாதையில் மலிந்தும் கிடக்கும் இடத்தில், பணமில்லாதவன் பிள்ளையின் கையில் எது போய்ச் சேரும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தபோது கீழ்த்தளத்து ஆஜி குறுக்கிட்டார். பள்ளி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப்படியில் அமர்ந்து எதிர்வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தையைக் கண்டு, மறுநாள் காலை தாயையும் மகளையும் துளசிபாகுக்கு அழைத்துச் சென்றார். பேஷ்வாக்கள் காலத்து இராமர் கோயிலைச் சுற்றி வளர்ந்த அந்தக் கடைவீதி பெண்களின் கடைவீதி. வளையலும் பித்தளைப் பாத்திரமும் பூசைப் பொருள்களும் நெருக்கியடிக்கும் அதன் சந்துகளில், மராட்டியர் ‘பாதுக்லி’ என்று சொல்லும் சிறுசமையல் பொம்மைகள் விற்கும் கடைகள் உண்டு. விரற்கடை உயர அடுப்பு, திருகை, உரல், சப்பாத்திப் பலகை, குழவி, தோசைக்கல், செம்பு, கரண்டி. ‘பாத்’ என்றால் மராட்டியில் சோறு. சொல்லுக்குள்ளேயே சோறு ஒலிக்கிறது. தமிழில் இவை செப்புச் சாமான். அவள் பிறந்தது தாமிரபரணிக் கரையில். அம்பாசமுத்திரத்து மரச்செப்பில் மணலைச் சோறாக்கிப் பரிமாறியவள். சங்க காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் சிறுவர் முக்கால் சிறுதேர் உருட்டியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த பொற்குழை அதன் வழியை மறித்தது என்பது நகரின் செல்வத்தைக் காட்ட வந்த செய்தி. தேர் ஆண்பிள்ளைக்கு, செப்பு பெண்பிள்ளைக்கு என்ற பாகுபாடும் அன்றிலிருந்தே தொடர்கிறது. பிள்ளைத்தமிழிலும் சிறுதேர்ப் பருவம் ஆண்பாலுக்குத்தான். கார் கேட்ட மகளுக்குச் சட்டிபானை வாங்குகிறோமே என்று அவள் மனம் உறுத்தியது. அந்த உறுத்தலுக்கு இன்னமும் அவளிடம் முழு விடை இல்லை.

உறுத்தலைவிட விலை பெரிதாக நின்றது. நல்ல பித்தளையில் செய்த முழுத் தொகுதியின் விலை அந்த ரிமோட் காரைவிட அதிகம். அவள் எதையோ சொல்லி நகர முற்பட்டாள். ஆஜி ஒரு சிறிய தோசைக்கல்லையும் கரண்டியையும் மட்டும் வாங்கினார்; வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியிலிருந்து தகரப்பெட்டி ஒன்றை இழுத்துத் திறந்தார். பழைய புடவைத் துணியில் சுற்றிய 23 பித்தளைச் சாமான்கள். அவருடைய தாய் அவருக்குக் கொடுத்தவை. பேரப்பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். அவர்களுக்கு இவற்றில் ஆர்வமில்லை.

“பாளா, இது தானமில்லை, இரவல். எண்ணித் தருகிறேன், எண்ணி வாங்கிக்கொள்வேன்” என்றார் மராட்டியில்.

இரவல் என்ற அந்தச் சொல் அவளைத் தலைநிமிரச் செய்தது. தானமாகத் தந்திருந்தால் வாங்கியிருக்கமாட்டாள். ஒவ்வோர் ஆண்டும் ஆய்வை முடித்து வெளியேறுகிறவர்கள் தங்கள் சைக்கிளையும் கட்டிலையும் அடுத்தவருக்கு விட்டுச் செல்வது வளாகத்தில் வழக்கம். மூன்றுசக்கரச் சைக்கிள் ஒன்று நான்கு குடும்பங்களைக் கடந்து அவர்கள் வீட்டில் நிற்கிறது. அதன் மணியின் மேல் யாரோ ஒரு குழந்தை ஒட்டிய நட்சத்திரம் இன்னமும் இருக்கிறது. அதைப் பெற்றபோது வராத கூச்சம், 23 பித்தளைச் சாமான்களுக்கு வந்தது ஏன் என்று அவள் பின்னர் யோசித்ததுண்டு. சைக்கிள் வந்த காலத்தில் உதவித்தொகையும் வந்துகொண்டிருந்தது.

பிறந்தநாள் மாலையில் கூடத்தின் மூலையில் சமையற்கட்டு அமைந்தது. தளத்துப் பிள்ளைகள் ஐவர் வந்தனர். எதிர்வீட்டுச் சிறுவன் முதலில் வாசலில் நின்று பார்த்தான். பிறகு உள்ளே போய்த் தன் சிவப்புக் காரைக் கொண்டுவந்தான். காரின் மேல் பித்தளைச் செம்பை வைத்து நூலால் கட்டி, பொரிகடலை நிரப்பி, கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ரிமோட்டை முறை வைத்து இயக்கினார்கள். முறையை நிர்ணயித்தவள் அவள் மகள். சமையற்கட்டு அவளுடையது அல்லவா? அவள் கேட்டது காரைத்தானா, அல்லது கதவைத் திறக்கவும் சாத்தவும் உள்ள உரிமையையா என்று தாய் தன் நாட்குறிப்பில் எழுதிப் பிறகு அடித்துவிட்டாள். காரையும்தான் கேட்டாள்.

பிள்ளைகள் போன பிறகு மகள் கடை வைத்து விளையாடினாள். தாய் பழக்கத்தின்படி ஒலிப்பதிவுக் கருவியை இயக்கிவிட்டு வாங்குபவளாக எதிரில் அமர்ந்தாள்.

“ஒரு கிலோ அரிசி வேணுங்க.”

“ஸம்பல” என்றாள் மகள். மராட்டியில் தீர்ந்துவிட்டது. செம்பில் பொரிகடலை பாதிக்கு மேல் இருந்தது.

“அதோ இருக்கே?”

“தீர்ந்துபோச்சு, கண்ணு. வந்ததும் வாங்கலாம்.”

சொற்களும் இழுப்பும் தாயுடையவை. ‘கண்ணு’ என்ற இடத்தில் குரல் தாழ்வதும் அப்படியே. பதிவில் அதன்பின் சற்று நேரம் ஒலியில்லை.

“கண்ணு, அந்தக் கார் கடையில தீரல. அம்மாகிட்ட அப்ப பணம் இல்ல. அதனால அப்படிச் சொன்னேன்.”

மகள் தோசைக்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இப்ப இருக்கா?”

“இப்பவும் இல்ல.”

“சரி. பையக் குடுங்க” என்று சொல்லி, செம்பிலிருந்த பொரிகடலையை இரண்டு கரண்டி அளந்து தாயின் கையில் போட்டாள். விலை கேட்டதற்கு நூறு ரூபாய் என்றாள்; மீதிச் சில்லறை தரவில்லை.

உதவித்தொகை மார்ச் மாத இறுதியில் வந்தது. மளிகைக் கடைப் பாக்கியும் வாடகையும் போக மிஞ்சியதில் 1,800 ரூபாய் எடுத்துவைக்க முடிந்திருக்கும். மகள் அதற்குள் காரைக் கேட்பதை நிறுத்தியிருந்தாள். எதிர்வீட்டுக் காரின் ஒரு சக்கரமும் கழன்றுவிட்டிருந்தது. கணவன் சைக்கிள் கடையில் ஒரு கட்டு வால்டியூப் வாங்கிவந்து அந்தச் சக்கரத்தைப் பொருத்திப் பார்த்தான். நிற்கவில்லை. மே மாதத்தில் ஆஜி தம் சாமான்களை எண்ணி வாங்கியபோது 22தான் இருந்தன. குறைந்த கரண்டியைக் கட்டிலுக்கு அடியில், மூன்றாம் பெட்டியில், இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.